முதலில் இடது காதைப் பாருங்கள், அப்புறம் கூண்டைத் தூக்குங்கள்

யாரோ புகார் கொடுத்தார்கள் என்று ஒப்பந்தக்காரர் ஒருவர் நம் புளோக்குப் பூனையைக் கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டு போன அந்த வெள்ளிக்கிழமை வீடியோவை மறுபடி விளக்கப் போவதில்லை. எல்லோரும் பார்த்தாயிற்று, சிலர் சிரிப்பு இமோஜியும் போட்டாயிற்று. அந்தக் கூண்டுக்குள் இருந்த சாம்பல் வரிப் பூனையின் இடது காதை மட்டும் வீடியோவை நிறுத்திப் பாருங்கள். நுனி நேர்கோடாக வெட்டப்பட்டிருக்கிறது. சண்டையில் கிழிந்த காது பிசிறு பிசிறாக இருக்கும். இது மயக்கத்தில் வைத்து மருத்துவர் வெட்டியது. கருத்தடை முடிந்தது என்பதற்கு இங்கே அதுதான் அடையாளம். பத்தடி தள்ளி நின்றாலே தெரியும். கூண்டைத் தூக்கியவருக்குத் தெரியவில்லையாம்!

சமூகப் பூனைகளுக்கு, அதாவது புளோக்கைச் சுற்றி வாழும் தெருப் பூனைகளுக்கு, கருத்தடை செய்து தோலுக்கடியில் அடையாளச் சிப் பொருத்தும் செலவை ஏவிஎஸ் (சிங்கப்பூரின் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவை) ஏற்கிறது. ஒரு பக்கம் அரசாங்கப் பணத்தில் அறுவை செய்து, இருந்த இடத்திலேயே திரும்ப விடுகிறோம். இன்னொரு பக்கம் ஒரே ஒரு புகார் வந்ததும் அதே பூனையை ஒப்பந்தக்காரர் அள்ளிக்கொண்டு போகிறார். யாருக்கு லாபம்?

பூனைகளைக் கவனிக்கும் எங்கள் குழுக்களுக்கு விதிமுறை வேண்டும் என்கிறீர்களா, தாராளமாகப் போடுங்கள். பிடிப்பவருக்கும் போடுங்கள். காதைப் பார்க்க வேண்டும். சிப் ஸ்கேன் செய்ய வேண்டும். அந்த வட்டாரத்தைக் கவனிக்கும் குழுவுக்குப் போன் போட வேண்டும். இவ்வளவுதான். ஸ்கேன் என்றால் கம்பிக்கு மேலே ஒருமுறை ஆட்டிவிட்டு ‘சிப் இல்லை’ என்று எழுதுவது இல்லை. உலோகம் பக்கத்தில் இருந்தால் கருவி தடுமாறும். தோள்பட்டை நடுவில் போட்ட சிப் நகர்ந்து விலாப்பக்கம் இறங்கியிருக்கலாம். கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

கூண்டு வைக்கவும் ஒரு முறை இருக்கிறது. மிதித்தால் கதவு விழும் தகட்டுக்கு அப்பால், கடைசி ஓரத்தில் கொஞ்சம் டுனா மீன். முன்னாலேயே கொட்டினால் பாதி உடம்பு வெளியே இருக்க நக்கிவிட்டு ஓடிவிடும். கதவு விழுந்ததும் துணியால் மூட வேண்டும், இல்லாவிட்டால் கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். வைத்துவிட்டு சாப்பிடப் போகக் கூடாது. வெள்ளிக்கிழமை துணியும் இல்லை, ஆளும் இல்லை, உச்சி வெயில். பெண் பூனை என்றால் வயிற்றையும் பார்க்க வேண்டும். காம்பு வீங்கியிருந்தால் எங்கேயோ குட்டிகள் பாலுக்குக் காத்திருக்கின்றன.

‘பூனை போனால் தொல்லை விட்டது’ என்று வீடியோவுக்குக் கீழே ஒரு அண்ணன் எழுதியிருந்தார். போகாது, அண்ணே. சோறும் ஒதுங்க இடமும் அங்கேயேதான் இருக்கின்றன. பக்கத்து புளோக்கிலிருந்து கருத்தடை ஆகாத ஒன்று வரும். சினைக்காலம் ஒன்பது வாரம்தான், பால் கொடுக்கும்போதே அடுத்த சினையும் பிடிக்கும். அப்புறம் நீங்கள்தான் ராத்திரி கத்தல் என்று மறுபடி புகார் கொடுப்பீர்கள்.

அசுத்தம் என்கிறவர்களுக்கு: சோற்றைக் காகிதத்தில் கொட்டிவிட்டுப் போகும் ஆண்ட்டிகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. தின்று முடித்ததும் துடைத்து எடுக்க வேண்டும், எலியும் எறும்பும் வரும். ஆனால் அதற்குத் தண்டனை பூனைக்கா? குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று எழுதிய பெருமக்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

எங்களைப் ‘பூனைப் பைத்தியங்கள்’ என்கிறீர்கள். சரி. அந்தப் பைத்தியங்கள்தான் வேலை முடிந்து ராத்திரி கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறார்கள். புகார் கொடுக்க உங்களுக்கு ஒரு விரல் போதும்.

‘அவ்வளவு பாசமா, நீயே வீட்டில் வளர்’ என்று கீழே எழுதப் போகிறவர்களே, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு இரண்டு பூனைதான் அனுமதி. என் வீட்டில் இரண்டும் இருக்கின்றன, உரிமமும் எடுத்தாயிற்று. மூன்றாவதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்களேன். சன்னலுக்கு வலை அடிக்க நானே வருகிறேன்.