கார்ல பெரிய ஸ்கிரீன் இருந்தா தான் ஆஃப்ரோடு, அதான் ரோடு இல்லாத எடத்துல, ஓட்ட முடியுமா?

"சின்ன ஸ்கிரீன்னா கம்பெனி காசு மிச்சம் பிடிக்குது, ஆஃப்ரோடுக்கு பெருசு தான் சேஃப்"னு மேல போட்ருக்கீங்க, அது தப்புண்ணே. கேமரால பாறை பாக்க பெருசு உதவும், ஒத்துக்கிறேன். ஆனா எங்க தனுஷ்கோடி பக்கம் மத்தியான வெயிலு ரெண்டு பக்க கடல்லயும் பட்டு கண்ணுல அடிக்கும், பளபளன்னு இருக்குற ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியாது, உப்புத்தண்ணி கையோட தொட்டா டச்சு கண்டபடி வேல செய்யும், மணல்ல குலுங்கிக்கிட்டே ஏசிக்கு மெனு தேடுறது ரொம்ப ஆபத்து. ஸ்கிரீன் சின்னதா இருந்தா பட்டன், திருகு வைக்க எடம் கெடைக்கும், பாக்காமலே கை போகும், முன்னாடி பாதையும் மறைக்காது. மாருதியோட ஆஃப்ரோடு காரு ஜிம்னில, நாலு சக்கரத்துக்கும் பவர் போற ஃபோர் வீல் போட இன்னும் லீவர் தான். காரோட பாதுகாப்ப சோதிச்சு ஸ்டார் குடுக்குற ஐரோப்பா அமைப்பு யூரோ என்கேப்பே 2026லேர்ந்து இண்டிகேட்டர், ஹசார்டு, வைப்பர், ஹாரன், அவசரத்துக்கு உதவி கூப்புடுற எஸ்ஓஎஸ்னு அஞ்சுக்கும் ஸ்கிரீனுக்கு வெளிய தனி கன்ட்ரோல் கேக்குறாங்க, இதுல காசு மிச்சம் எங்கண்ணே வந்துச்சு?