எட்டு வயதுப் பிள்ளை என்ன செய்தது?

அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபை 2022இல் அந்நாட்டின் தன்பாலினத் திருமணச் சட்டத்தை ஆதரித்தது, ஆகவே சபையின் மனம் மாறிவிட்டது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டத்தில் மதச் சுதந்திரப் பாதுகாப்பு இருந்ததால்தான் ஆதரவு. தங்கள் திருமணக் கோட்பாடு மாறாது என்று அதே அறிக்கையிலேயே சொல்லிவிட்டார்கள். சரி, அது அவர்கள் உரிமை. பலதார மண உரிமைக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1879இல் தோற்றவர்கள்தானே, அரசு வீட்டுக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியாதா? ஆனால் 2015 நவம்பரில், மற்ற பிள்ளைகள் எட்டு வயதில் வெள்ளை உடுத்தித் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் பெறும்போது, தன்பாலினத் தம்பதி வீட்டுப் பிள்ளையிடம் மட்டும் பதினெட்டு ஆகட்டும், அப்புறம் அந்த உறவே தவறென்று சொல்லிவிட்டு வா என்றார்களே! 2019 ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றார்கள். இடைப்பட்ட மூன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளை யார் திருப்பித் தருவது?