தப்பாகக் கணக்குப் போடும் கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக்குக் கொடுக்காதீர்கள்

சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர் நேரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று மதுரையில் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகளிடமெல்லாம் சொல்லி வருகிறேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று சொல்லியாக வேண்டும். தப்பான விடை அனுப்பிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர், அணைத்து வைத்திருக்கும் கம்ப்யூட்டரைவிடக் கேடு. அணைத்து வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தப்பாக ஓடினால், அது கெடுத்த வேலையை வேறு ஏதோ ஊரில் முகம் தெரியாத ஒருவர் தன் காசில் கரண்ட் பில் கட்டித் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.

இதைப் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு நாலு வரி. ஒரு பெரிய கணக்கைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்து, உலகம் முழுக்க வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு இணையம் வழியாக அனுப்புவார்கள். நாம் ஒரு மென்பொருளைப் போட்டு வைத்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். மிகப் பெரிய பகா எண்களைத் தேடும் ஜிம்ப்ஸ் 1996-லிருந்து நடக்கிறது. வேற்றுலக உயிர்களின் ரேடியோ சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம், பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1999 மே மாதம் தொடங்கி, 2020 மார்ச் வரை வேலை அனுப்பிக்கொண்டிருந்தது. புரதம் எப்படி மடிகிறது என்று கணக்கிடும் ஃபோல்டிங் அட் ஹோமில் கொரோனா வந்த 2020 மார்ச்சில் கூட்டம் கூட்டமாக மக்கள் சேர்ந்தார்கள். விநாடிக்கு, ஒன்றுக்குப் பின்னால் 18 சைபர் போட்டால் வருகிற அத்தனை கணக்குகளைப் போடும் அளவுக்கு அதன் மொத்த வேகம் ஏறியது. அன்றைய தேதியில் உலகத்தின் எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் அந்த வேகத்தை எட்டியிருக்கவில்லை. அத்தனையும் வீட்டு மிஷின்களும் ஆபீஸ் மிஷின்களும் லேப் மிஷின்களும் சேர்ந்து கொடுத்த வேகம். இதை நினைத்தால் எனக்கு இன்னமும் உடம்பு சிலிர்க்கும்.

நான் ஹார்டுவேர் சர்வீஸ் பார்க்கிறவன். என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் புகார் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற பழுதுதான். ஆன் ஆகவில்லை, ஹேங் ஆகிறது, நீலத்திரை வருகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. இந்த மிஷின்களைப் பற்றி எனக்குப் பயமில்லை, அவை தங்கள் பழுதைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. எல்லாம் ஒழுங்காக ஓடுவதுபோல் இருந்து, நாள் முழுக்க ஓடிய ஒரு கணக்கில் ஓரிடத்தில் மட்டும் 0-ஐ 1 ஆக்கிவிடுகிற மிஷின்தான் ஆபத்து. படம் பார்க்கும்போது அப்படி நடந்தால் ஒரு புள்ளியின் நிறம் ஒரு கணம் மாறும், யாருக்கும் தெரியாது. கணக்கில் அப்படி நடந்தால் நிலைமை வேறு.

ஜிம்ப்ஸில் பல வருடம் ஓடிய லூக்காஸ்-லேமர் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 4-ல் தொடங்கி, அதன் வர்க்கத்தில் 2 கழித்து, சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை எடுக்க வேண்டும். அந்த மீதியின் வர்க்கத்தில் திரும்ப 2 கழித்து, திரும்ப வகுத்து, இப்படியே போக வேண்டும். கடைசியில் சைபர் வந்தால் அது பகா எண். 2024 அக்டோபரில் கண்டுபிடித்தார்களே, 2-இன் 13,62,79,841-ஆவது அடுக்கில் 1 கழித்த எண், அதற்கு 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல் இலக்கங்கள். அதைச் சோதிக்க ஏறக்குறைய 13 கோடியே 62 லட்சம் முறை வர்க்கம் எடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் கோடிக்கணக்கான இலக்கம் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு. நடுவில் ஏதோ ஓரிடத்தில் ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, புரண்டால் அதற்கு அப்புறம் வருகிற எல்லாமே குப்பை. ஆனால் ப்ரோக்ராம் நிற்காது. கடைசிவரை ஓடி முடித்து, ‘இது பகா எண் இல்லை’ என்று பதில் அனுப்பிவிடும். உண்மையிலேயே அது பகா எண்ணாக இருந்திருந்தால்? இல்லை என்று பதிந்துவிட்ட எண்ணை அப்புறம் யார் தேடப்போகிறார்கள்?

அதனால்தான் ஒரே எண்ணை இன்னொரு மிஷினில் திரும்ப ஓடவிட்டு, இரண்டு விடைகளின் கடைசி 64 பிட்டுகளை ஒப்பிடுவார்கள். இரண்டாவது ஓட்டத்தில் எண்களை வேறு மாதிரி நகர்த்தி வைத்துக் கணக்கிடுவார்கள். இரண்டு இடத்திலும் ஒரே மென்பொருள் பிழை ஒரே மாதிரி விழுந்து ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. 2024-ல் டப்ளினில் ஒரு கணினி அந்த எண்ணைச் சொன்னதும் உடனே அறிவித்துவிடவில்லை. அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் வேறொரு கணினியில் வேறு சோதனை போட்டு, அதற்கப்புறமும் வேறு வேறு மென்பொருள், வேறு வேறு ஹார்டுவேரில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் வெளியில் சொன்னார்கள்.

பல திட்டங்களுக்கு அடித்தளமாக இருக்கும் பாயிங்க் மென்பொருளிலும் இதே வழிதான். ஒரே வேலையை இரண்டு பேருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுவார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளுக்குப் போகும். எந்த மிஷினின் விடை தனித்து நிற்கிறதோ அது ‘இன்வேலிட்’, செல்லாத விடை. சரியாக முடித்த வேலைக்குப் பாயிண்ட் கிடைக்கும்.

இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் சிலருக்குக் கோபம் வருகிறது. போன கோடையில் ஒரு தம்பி வந்து கேட்டான்.

“பாயிண்ட் நல்லா ஏறுதுண்ணே. நடுவுல ஒண்ணு ரெண்டு இன்வேலிட் வந்தா என்ன இப்ப? எப்படியும் அவங்கதான் செக் பண்ணிக்கிறாங்கள்ல?”

“யாரு தம்பி அந்த அவங்க? செக் பண்றதும் உன்னை மாதிரி ஒருத்தன் வீட்டு கம்ப்யூட்டர்தான்” என்றேன். சில நொடி பேசாமல் இருந்தான். பிறகு, “ஸ்பீடை ஏத்தி வச்சிருக்கேண்ணே, குறைச்சிரவா?” என்று கேட்டான். நல்ல பிள்ளை.

அவன் கேட்டதில் இருக்கிற எண்ணம் பலருக்கும் இருக்கிறது. அதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். எல்லா வேலையையும் எப்போதும் இரண்டு தடவை செய்தால் உலகம் முழுக்கக் கொடுக்கிற உழைப்பில் பாதி சரிபார்ப்பதிலேயே போய்விடும். இதைக் குறைக்க பாயிங்க் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறது. தொடர்ந்து சரியான விடை அனுப்பி வரும் மிஷினை நம்பத் தொடங்கும். நம்பிக்கை வந்த பிறகு அதன் விடையைப் பெரும்பாலும் தனியாகவே ஏற்றுக்கொள்ளும், அவ்வப்போது மட்டும் குலுக்கல் முறையில் இன்னொரு மிஷினுக்கு அனுப்பிப் பார்க்கும். தப்பு பிடிபட்டால் சேர்த்த நல்ல பேர் போய்விடும், முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதை நம்ம ஊரோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். மார்கழியில் குளிர்ந்த அறையில் சுத்தமாக ஓடி நல்ல பேர் வாங்கிய மிஷின், அக்னி நட்சத்திரத்தில் அதே அறையில் அதே மாதிரி ஓடுமா? மதியம் 40 டிகிரி வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறை, மின்விசிறி வீசுவதே அனல். மார்கழியில் வாங்கிய நம்பிக்கையை வைத்துக்கொண்டு மே மாதம் தப்பான விடை அனுப்பும். குலுக்கலில் மாட்டும் வரைக்கும் அந்த விடைகள் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும்.

வீடுகளில் ஓடுகிற மிஷின்களில் பிழை எவ்வளவு சாதாரணம் என்று சொல்ல ஒரு ஆய்வே இருக்கிறது. இம்ரான் ஹக், விஜய் பாண்டே என்ற ஆராய்ச்சியாளர்கள் ஃபோல்டிங் அட் ஹோமில் இருந்த 20,000-க்கும் மேற்பட்ட மிஷின்களின் கிராஃபிக்ஸ் கார்டு நினைவகத்தைச் சோதித்து, 2010-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் கட்டுப்பாட்டில் வைத்துச் சோதித்த கார்டுகளில் பிழையே வரவில்லை. மக்கள் வீடுகளில், அவரவர் மாட்டி வைத்திருந்த நிலையில் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு கார்டுகளில் நினைவகப் பிழை தென்பட்டது. ஒரு கடையில் பத்து வருடம் உட்கார்ந்தவன் யாருக்கும் இது ஆச்சரியமாக இருக்காது.

நம்ம ஊரில் நான் பார்க்கிற காரணங்களைச் சொல்கிறேன். ப்ராசசரின் சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் இடுக்கில் பஞ்சு மாதிரி அடைத்திருக்கும் தூசி. காய்ந்து பொடியாகிப்போன தெர்மல் பேஸ்ட். கேபினட்டோடு இலவசமாக வந்த, மிஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். மதர்போர்டில் தலை உப்பிய கெபாசிட்டர். சாயங்காலம் எல்லா வீட்டிலும் ஏசி போட்டதும் இறங்குகிற வோல்டேஜ். ப்ராசசர் ரொம்பச் சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ரேமுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அந்த வசதியை வீட்டு மிஷினில் எதிர்பார்க்க முடியாது. ரேமை எடுத்து, அதன் பித்தளை நிறக் காலை ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினால் மிஷின் ஆன் ஆகிவிடும் என்பது நம் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஆன் ஆகிவிட்டது என்பதால் அந்த ரேம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. சர்வர்களில் போடுகிற ரேம் ஒரு பிட் புரண்டால் தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். நாம் அசெம்பிள் செய்து வாங்குகிற சிஸ்டத்தில் பெரும்பாலும் அந்த வசதி முழுசாக இருக்காது.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒவ்வொரு தராசுக்கும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முத்திரை போட்டாக வேண்டும். நேற்று வரைக்கும் சரியாக நிறுத்தியது என்று எந்த வியாபாரி சொன்னாலும் எடையளவு அதிகாரி கேட்கமாட்டார். கணக்குப் போடுகிற மிஷினுக்கும் நாம் அப்படி ஒரு முத்திரையைக் கேட்க வேண்டும் என்கிறேன். போட வேண்டிய ஆள் அதன் சொந்தக்காரர்தான், வேறு யாரும் வரமாட்டார்கள்.

பெரிய கம்பெனிகளே இதில் தப்பவில்லை. 1994-ல் இன்டெல் பென்டியம் ப்ராசசரில் வகுத்தல் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தவர் தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர். இரண்டு வித்தியாசத்தில் ஜோடியாக வரும் இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களை, அதாவது 1-ஐ அந்த எண்ணால் வகுத்து வருவதை, கூட்டிக்கொண்டிருந்தார். விடை சரியாக வராததால் விடாமல் துருவிப் போனார். இன்டெல்லுக்கு 47.5 கோடி டாலர் செலவு. 2016-ல் அதே நிறுவனத்தின் ஸ்கைலேக் ப்ராசசர் உறைந்துபோகும் பழுது, ஜிம்ப்ஸின் மென்பொருளான பிரைம்95 ஓடும்போதுதான் வெளிப்பட்டது. 2021-ல் ஃபேஸ்புக் பொறியாளர்கள் தங்கள் டேட்டா சென்டரில் இருந்த ஒரு ப்ராசசரைப் பற்றி எழுதினார்கள். 1.1-இன் 53-ஆவது அடுக்கை முழு எண்ணாகக் கேட்டால் 156 வர வேண்டும், அது 0 என்று சொன்னது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல், சாதாரணமாக. அவர்களிடம் சோதித்துப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். நம் வீட்டு மிஷினுக்கு நாம்தான்.

கணிதத்தின் பக்கமிருந்தும் ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. 2017-ல் ராபர்ட் கெர்பிச் என்பவர் ஒரு சரிபார்ப்பு முறையைக் கொடுத்தார். கணக்கு ஓடும்போதே, மிகக் குறைந்த கூடுதல் செலவில், இதுவரை வந்தது சரியா என்று பார்த்துக்கொள்ளும். தப்பு என்று தெரிந்தால் கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தொடரும். அதற்கடுத்து 2020-ல், கணக்கை உண்மையிலேயே சரியாகச் செய்ததற்கான சான்றையும் சேர்த்து அனுப்பும் முறையை ஜிம்ப்ஸ் கொண்டுவந்தது. முழுக் கணக்கையும் இன்னொருவர் திரும்பப் போட வேண்டிய இடத்தில், அதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேலையில் சரிபார்த்துவிடலாம். எவ்வளவு மின்சாரம் மிச்சம், எத்தனை பேர் உழைப்பு மிச்சம்! ஆனால் இது பகா எண் தேடுகிற சில வகைக் கணக்குக்குப் பொருந்துகிற வழி. புரதத்தையும் வானிலையையும் மருந்தையும் கணக்கிடுகிற இடங்களுக்கு இதை அப்படியே எடுத்துப் போட முடியாது. அங்கே மிஷின் ஒழுங்காக இருப்பதைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

பாயிண்ட் பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. யார் எவ்வளவு வேலை முடித்தார்கள் என்ற வரிசை, ஆட்களைச் சேர்க்க உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வரிசையில் ஏறுவதற்காகத்தான் ஓவர்கிளாக் செய்து கம்பெனி வேகத்துக்கு மேல் ஓட்டுகிறார்கள், பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைக் காட்டுகிறார்கள், இன்வேலிட் வந்ததைப் பார்ப்பதே இல்லை. என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலில் எத்தனை விடை தப்பாகப் போனது என்பதையும் பேருக்குப் பக்கத்திலேயே போட வேண்டும். பழைய விடைகளைத் திரும்பப் போட்டுப் பார்க்கும் வேலையை விரும்பி எடுத்து வருடக்கணக்கில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேர் எந்தச் செய்தியிலும் வராது, புதிய பகா எண் கிடைக்கிற வாய்ப்பும் அவர்களுக்கு மிகக் குறைவு. எனக்கு அவர்கள்மேல்தான் அதிக மரியாதை.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். திட்டத்தில் சேருவதற்கு முன்னால் பென்டிரைவில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டு ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் சிவப்பில் ஒரு வரி தெரிந்தாலும் அந்த ரேமை மாற்றுங்கள். அப்புறம் பிரைம்95-ல் இருக்கும் டார்ச்சர் டெஸ்ட். விடை முன்கூட்டியே தெரிந்த கணக்குகளை மிஷினிடம் கொடுத்துப் போடச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கும். அதைப் பகல் உச்சியில் ஓட்டிப் பாருங்கள், விடியற்காலையில் ஓட்டித் திருப்திப்பட வேண்டாம். ஓவர்கிளாக் செய்திருந்தால் கம்பெனி வேகத்துக்கே இறக்கிவிடுங்கள். சேர்ந்த பிறகு வாரம் ஒருமுறையாவது திட்டத்தில் இருக்கும் உங்கள் அக்கவுண்ட்டைத் திறந்து இன்வேலிட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் நிறுத்துங்கள், காரணத்தைத் தேடுவது அப்புறம்.

கல்லூரி லேபில் இதை ஓட்ட நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இதேதான். லீவில் லேப் சும்மாதானே கிடக்கிறது என்று ஏப்ரல், மே மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஏசி அணைத்துப் பூட்டிய லேபில் நாற்பது சிஸ்டம் முழு வேகத்தில் ஓடினால் அந்த அறை என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மழை வந்து ஊர் குளிர்ந்த பிறகு, தூசி தட்டி, சோதித்த மிஷின்களில் மட்டும் தொடங்குங்கள், பத்து மிஷின் தேறினாலும் போதும். மெம்டெஸ்ட் ஓட்டத் தெரியாத பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சிஸ்டத்தை என் கடைக்கு எடுத்து வாருங்கள். சோதனைக்குக் காசு வாங்கமாட்டேன்.