ஓவர்ஃப்ளோ டியூபை அடைக்காதீர்கள்

பழைய ஸ்ப்ளெண்டர் பைக்கின் கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) பெட்ரோல் சொட்டினால் ஏர் ஸ்க்ரூவை டைட் வைத்து, ஓவர்ஃப்ளோ டியூபை (மிகுதி பெட்ரோலை வெளியேற்றும் குழாய்) அடைத்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். ஏர் ஸ்க்ரூ ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது, பெட்ரோல்-காற்றுக் கலவையைச் சரிசெய்யத்தான், ஒழுகலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டியூபை அடைத்தால் பெட்ரோல் சிலிண்டருக்குள் இறங்கி, பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் முதலில் ஆயிலை மாற்றுங்கள்.

பெரும்பாலும் குற்றவாளி ஃப்ளோட் நீடில்தான், அதாவது கார்புரேட்டருக்குள் மிதக்கும் ஃப்ளோட் மேலே எழும்போது பெட்ரோல் வரும் வழியை மூடும் ஊசி. டேங்க் அடியிலுள்ள பெட்ரோல் வால்வை (காக்) மூடி, பவுலை (கார்புரேட்டரின் அடிக்கிண்ணம்) கழற்றிக் கசடைத் துடையுங்கள். நீடில் முனையில் வளையம்போல் தேய்மானம் தெரிந்தால் புதிது போடுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே சளசளவென்றால் அது ஓட்டை. பவுல் விளிம்பில் கசிந்தால், அங்கே இடைவெளியை அடைக்கும் கேஸ்கட்தான் காரணம். இதற்கெல்லாம் முழு கார்புரேட்டரையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள்!