குரூப் தியரிக்குப் படம் போடுங்கப்பா

குரூப் தியரி, அதாவது ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா செஞ்சு, வேணும்னா திருப்பியும் எடுக்கக்கூடிய செயல்களோட கணக்கு, அதுன்னாலே எழுத்தை இங்கயும் அங்கயும் தள்ளிக்கிட்டு இருக்கறதுன்னு எம்எஸ்சி முடிச்சவங்ககூட நெனைக்கறாங்க, எனக்கு அதுல ரொம்ப நாளா ஆதங்கம்.

வேர்ட் ப்ராப்ளம்னு ஒண்ணு. மாக்ஸ் டேன்ங்கற கணிதவியலாளர் 1911ல கேட்டது. கொஞ்சம் ஜெனரேட்டர் (குரூப்பை உருவாக்கற அடிப்படை எழுத்துகள்), கொஞ்சம் ரிலேஷன் (எந்த எழுத்து வரிசை எதுக்கு சமம்ங்கற விதி) குடுத்துருக்கு, நான் ஒரு நீளமான வேர்ட் (அந்த எழுத்துகளையும் அதோட இன்வெர்ஸையும் வரிசையா அடுக்கினது) எழுதறேன், அது ஐடென்டிட்டிதானா (ஒண்ணுமே பண்ணாததுக்கு சமம்தானா) இல்லையான்னு எப்பவும் சரியா சொல்ற ஒரு அல்காரிதம் இருக்கா? கேக்க சாதாரணமா இருக்கும். ஆனா அப்படி அல்காரிதமே இல்லாத குரூப் இருக்குன்னு 1950கள்ல நோவிகோவ், பூன் ரெண்டு பேரும் தனித்தனியா நிரூபிச்சாங்க.

சரி, டேன் என்ன பண்ணாரு? ரெண்டு ஓட்டை இருக்கற டோனட் மேற்பரப்போட ஃபண்டமென்டல் குரூப்பை (ஒரு புள்ளியில கெளம்பி அங்கயே திரும்பி வர்ற சுத்துகளோட குரூப்) எடுத்துக்கிட்டாரு. நாலு ஜெனரேட்டர், எட்டு எழுத்துல ஒரே ஒரு ரிலேஷன். இதோட கேலி கிராஃபை (குரூப்போட ஒவ்வொரு உறுப்பும் ஒரு புள்ளி, ஒரு ஜெனரேட்டரால போற ஒவ்வொரு அடியும் ஒரு கோடு) வரைஞ்சா ஹைப்பர்பாலிக் தளம் (வெளிய போகப்போக நம்ம சமதளத்தை விட வேகமா விரியற தளம்) முழுக்க எண்கோணமா பதிச்ச தரை மாதிரி வரும், ஒவ்வொரு மூலையிலயும் எட்டு எண்கோணம். வேர்டுங்கறது அதுல நடந்து போற பாதை, ஐடென்டிட்டின்னா கெளம்பின எடத்துக்கே திரும்பி வந்துட்டோம்னு அர்த்தம். அப்படி மூடின பாதை எதுவா இருந்தாலும் (வந்த வழியிலயே உடனே திரும்பற வெட்டி நடையை நீக்கிட்டா) எங்கயாவது ஒரு எண்கோணத்தோட பாதிக்கு மேல சுத்தியே ஆகணும். அஞ்சு பக்கம் சுத்தினா மிச்ச மூணு பக்கம் வழியா போயிடலாம்ல, வேர்ட் சின்னதாயிடும், அப்படியே பண்ணிட்டே போனா காலியாயிடும். எங்கயுமே அப்படி ஒரு துண்டு கெடைக்கலன்னா அது ஐடென்டிட்டி இல்ல. முடிஞ்சுது!

இதையே சாதா டோனட்ல பண்ணிப் பாருங்க, நடக்காது. அங்க வெறும் சதுரக் கட்டம், பெரிய சதுரமா சுத்தி வந்தா மூலையில ரெண்டு பக்கம்தான் கெடைக்கும், அது சரிபாதி, குறுக்க வழியே இல்ல. பக்கத்துக்கு 100 அடி எடுத்து வெச்சு 400 நீளத்துக்கு சுத்தினா உள்ள 10,000 கட்டம். வேன் கேம்பன் 1933ல சொன்னது இதைத்தான், ஐடென்டிட்டியான வேர்ட் ஒவ்வொண்ணுக்கும் உள்ள ரிலேஷன் கட்டங்களை ஒட்டி நிரப்பின ஒரு படம் இருக்கும். வேர்டோட நீளம் கூடக்கூட அந்தப் படத்தோட பரப்பு, அதாவது கட்டங்களோட எண்ணிக்கை, எவ்ளோ வேகமா வளருதுங்கறதுதான் டேன் ஃபங்ஷன். 1987ல க்ரோமோவ் வந்து, பரப்பு லீனியரா (நீளத்துக்கு நேர்விகிதமா) வளர்ந்தா அது ஹைப்பர்பாலிக் குரூப், குவாட்ராடிக்குக் (நீளத்தோட வர்க்கத்துக்குக்) கம்மின்னா லீனியரேதான், நடுவுல எதுவுமே கெடையாதுன்னாரு. எழுத்தை மட்டும் தள்ளிக்கிட்டு இருந்தா இப்படி ஒரு இடைவெளி இருக்குன்னு சந்தேகமாச்சும் வருமா சொல்லுங்க!

இதுக்காக பரப்பு பெருசுன்னா கேள்வியே கஷ்டம்னு கெளம்பிடாதீங்க. பாம்ஸ்லாக் சாலிடர் குரூப்ல பி ஏ பி இன்வெர்ஸ் ஈக்குவல் டூ ஏ ஸ்கொயர்னு ஒரே ரிலேஷன், பரப்பு எக்ஸ்பொனென்ஷியலா எகிறும், ஆனா ரெண்டுக்கு ரெண்டு மேட்ரிக்ஸா மாத்திப் பெருக்கினா பதில் சீக்கிரமே வந்துடும். ரிலேஷனை மட்டும் வெச்சு நிரூபிக்க எவ்ளோ வேலைங்கறதைத்தான் பரப்பு சொல்லுது, வேற வழி இருந்தா அதுக்குத் தெரியாது. சிலபஸ்ல இந்த குரூப்பையும் அந்த எண்கோணத் தரையையும் சேர்த்து ஒரே ஒரு வாரம் வெச்சா போதும், சைலோ தியரத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சா ஒண்ணும் குடி முழுகிடாது.