பேர் மட்டும் செம்புக்கு

என் மேசையில் ஒரு கால்கோபைரைட் துண்டு கிடக்கிறது. பித்தளை நிறம், ஒரு ஓரத்தில் மயில்கழுத்துப் பளபளப்பு. பார்க்கிறவர்கள் "தங்கமா?" என்பார்கள். மெருகு பூசாத பீங்கானில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவேன். தங்கமென்றால் மஞ்சள் கோடு விழும். இது பச்சை கலந்த கறுப்பு. "ஓ, செம்புக் கல்" என்று முடித்துக்கொள்வார்கள். அங்கேதான் எனக்குப் பொறுக்காது. இந்தக் கனிமத்தின் எடையில் செம்பு 34.6 சதவீதம், கந்தகம் 34.9 சதவீதம். பேர் மட்டும் செம்புக்கு!

செம்புத் தாது எப்படி வந்தது என்றால் "செம்பு நிறைய இருந்த மாக்மா, அதாவது பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு, உறைந்தது" என்போம். கல்லூரியில் நானும் அப்படி எழுதித்தான் மார்க் வாங்கினேன். ஆனால் தாதுவைத் தந்த மாக்மாவில் செம்பு அள்ளிக் கொட்டிக் கிடந்திருக்க வேண்டியதில்லை. பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு இருந்தாலே போதும். என்னைக் கேட்டால், அந்தச் செம்பின் தலையெழுத்தை எழுதுவது கந்தகம்தான்.

செம்புக்குக் கந்தகத்தின் மேல் அப்படியொரு ஒட்டுதல். ஆழத்தில் இருக்கும் மாக்மா தாங்கும் அளவை மீறிக் கந்தகம் சேர்ந்தால், தண்ணீரில் எண்ணெய் பிரிவதுபோல் சல்ஃபைடு, அதாவது கந்தகமும் உலோகமும் சேர்ந்த, துளிகள் பிரியும். ஒவ்வொரு துளியும் சுற்றிலும் உள்ள செம்பை உறிஞ்சிக்கொள்ளும். துளிக்குள் செம்பின் செறிவு வெளியே இருப்பதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு. கனமான துளி என்பதால் அடியிலேயே தங்கிவிடும். மாக்மா வெறுங்கையோடு மேலே போகும். (அந்தத் துளிகளே பின்னாளில் உருகிச் செம்பைத் திருப்பித் தரும் என்பாரும் உண்டு.)

அப்படியானால் கந்தகம் குறைவாக இருப்பதுதானே நல்லது? இல்லை. கடல்தட்டு கண்டத்துக்கு அடியில் செருகும் இடங்களில் மாக்மா பெரும்பாலும் கூடுதலாக ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கும். அதில் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்ஃபேட்டாக மாறி, ஏறக்குறைய பத்து மடங்கு அதிகமாகக் கரையும். சல்ஃபேட் செம்பை இழுப்பதில்லை. ஆக, இரண்டும் ஒரே வண்டியில் சண்டையில்லாமல் மேலே வருகின்றன. 1982இல் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை கக்கிய நுரைக்கல்லில் அன்ஹைட்ரைட், அதாவது கால்சியம் சல்ஃபேட், படிகங்களாகவே கிடைத்தது. 1991இல் வெடித்த பிலிப்பைன்ஸின் பினடூபோவிலும் அதேதான். பினடூபோ வானில் கொட்டிய சல்ஃபர் டை ஆக்சைடு மட்டும் ஒன்றரை முதல் இரண்டு கோடி டன்.

வெடித்துவிட்டால் கந்தகம் காற்றோடு போய்விடும். வெடிக்காமல் சில கிலோமீட்டர் ஆழத்திலேயே நின்றால், மாக்மாவிலிருந்து பிரியும் சூடான உப்புநீர் செம்பைக் குளோரைடாகச் சுமந்து பாறை விரிசல்களில் ஏறும். அங்கே உப்புநீர் குளிரும்போது கந்தகம் செம்பைப் பிடித்துப் படிய வைக்கும். இப்படி உருவாகும் தாதுவைப் போர்ஃபிரி என்பார்கள். சிலியின் சுக்கிகமாட்டா, எல் தெனியந்தே, யூட்டாவின் பிங்கம் கேன்யன் சுரங்கங்கள் எல்லாம் இந்த வகைதான். உலகச் செம்பில் முக்கால் பங்கு ஏறக்குறைய இந்த வகைத் தாதுவிலிருந்தே வருகிறது.

இதைச் சொன்னால் உடனே சைபீரியாவின் நோரில்ஸ்க் சுரங்கங்களைக் காட்டுவார்கள்: அங்கே துளிகள் பிரிந்துதானே தாது வந்தது என்பார்கள். நியாயம்தான். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏறிய மாக்மா, வழியில் இருந்த அன்ஹைட்ரைட் படுகைகளைக் கரைத்துக் கந்தகத்தை ஏற்றிக்கொண்டது என்பது பரவலான விளக்கம். சல்ஃபைடு துளிகள் பிரிந்து செம்பையும் நிக்கலையும் பலேடியத்தையும் வாரிக்கொண்டன. அதே திருட்டுத்தான், ஆனால் திருடியதை மனிதன் தோண்டி எட்டும் ஆழத்தில் வைத்துவிட்டன.

2015இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஜான் ப்ளண்டி குழு இன்னொன்று சொன்னது: செம்பு கலந்த உப்புநீர் முன்பே வந்து காத்திருக்கிறது, கந்தக வாயு பிற்பாடு ஆழத்திலிருந்து வந்து அதைத் தாதுவாக்குகிறது. அழகான யோசனை. ஆனால் எல்லாச் சுரங்கத்துக்கும் இதுவே சாவி என்றால் நான் தயங்குவேன். எல் தெனியந்தே பாறையில் வெளிறிய அன்ஹைட்ரைட்டும் மஞ்சள் கால்கோபைரைட்டும் ஒரே நரம்பில் ஒட்டிக்கிடக்கின்றன. நீரும் சல்ஃபர் டை ஆக்சைடும் குளிர்ந்து வினைபுரிந்தாலே இந்த ஜோடி வந்துவிடும்: 4 சல்ஃபர் டை ஆக்சைடு மூலக்கூறில் 3 சல்ஃபேட் பக்கம் போகும், செம்பைப் பிடிக்க மிஞ்சுவது 1.