வேக வரம்பு மட்டும் டேட்டாபேஸைக் காக்குமா?

செயலிகளை இயக்கும் கூகுளின் ஆப் எஞ்சின் சேவையில், பின்னணி வேலைகளைச் சேர்த்து வைத்து அனுப்பும் பணி வரிசையின் வேகத்தை நொடிக்கு 5 என்று அமைத்துவிட்டால், ஒரே நேரத்தில் 5 பணிகளுக்கு மேல் ஓடாது, ஆகவே டேட்டாபேஸுக்கு ஆபத்தில்லை என்றொரு கருத்து டெவலப்பர்களிடையே பரவி வருகிறது. இது தவறு.

அந்த எண், பணிகள் வரிசையிலிருந்து அனுப்பப்படும் வேகத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது; முன்பு அனுப்பிய பணி முடிந்ததா என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பணிக்கும் 20 நொடி பிடித்தால், நொடிக்கு 5 வீதம் அனுப்பும்போது ஏறத்தாழ 100 பணிகள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றும் ஓர் இணைப்பைப் பிடித்து வைத்திருந்தால் டேட்டாபேஸ் 100 இணைப்புகளைத் தாங்க வேண்டும். பணி அழைக்கும் வெளிச் சேவை ஒன்று மந்தமாகி, 20 நொடி 60 நொடியானால், வேக அமைப்பில் எதையும் மாற்றாமலேயே அந்த எண்ணிக்கை 300 ஆகிவிடும் என்பதுதான் உண்மையில் கவலைக்குரியது.

ஒரு நொடிக்குள் 5 பணிகள்தாம் கிளம்பும் என்பதும் சரியன்று. இந்த வரிசைகள் டோக்கன் பக்கெட் முறையில் (ஒரு பணியை அனுப்ப ஒரு டோக்கன் செலவாகும்; அமைத்த வேகத்தில் புது டோக்கன்கள் பக்கெட்டில் விழும்) இயங்குவதால், வரிசை சும்மா இருக்கும் நேரத்தில் டோக்கன்கள் சேர்கின்றன. பக்கெட் அளவு, அதாவது சேரக்கூடிய டோக்கன்களின் உச்ச எண்ணிக்கை, 40 என்றிருந்தால், திடீரென்று வேலை குவியும்போது 40 பணிகள் ஒரே மூச்சில் அனுப்பப்படலாம்.

டேட்டாபேஸைக் காக்க நினைப்பவர்கள் ஒருங்கே ஓடும் பணிகளின் உச்ச வரம்பைத் தனியாக அமைக்க வேண்டும். ஆப் எஞ்சினில் அதன் இயல்பு மதிப்பு 1000 என்பதால், தொடாமல் விட்டால் சிறிய டேட்டாபேஸ்களுக்கு அது பாதுகாப்பே ஆகாது.